செக்கித் தட்டுக்குப் பெயர் கொடுத்த குருவானவர்: அஞ்சலோ செக்கியின் வானியற் பணி பற்றி ஒரு கேள்வி

குருநகர் ஆசிரியை எழுதியது:

யாழ்ப்பாணக் கடனீரேரியில் நீரின் தெளிவை அளப்பதற்காகக் கடற்றொழில் விஞ்ஞான மாணவர்கள் கயிற்றில் கட்டி இறக்கும் கறுப்பு வெள்ளைத் தட்டை இங்கே சிலராவது பார்த்திருப்பீர்கள். அதற்குச் செக்கித் தட்டு என்று பெயர். எனது மகள் தனது செயன்முறைப் பயிற்சிக்காக அதைப் பற்றி எழுதத் தொடங்கியபோதுதான், அந்தப் பெயருக்குரிய அஞ்சலோ செக்கி 19ஆம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த இயேசு சபைக் குருவானவர் என்பதும், அவர் கடலை ஆராய்ந்தவர் என்பதைவிட வானத்தை ஆராய்ந்தவர் என்பதே பொருந்தும் என்பதும் எங்கள் வீட்டுக்குத் தெரிய வந்தது.

நான் தமிழ் கற்பிப்பவள். விஞ்ஞானம் எனது துறையன்று. ஆகவே தெரிந்தவர்கள் சற்று விளக்கமாக எழுதினால் நல்லது. வானியலில் அவர் செய்த வேலை சரியாக என்ன? அவர் ஒரு குருவானவராக இருந்துகொண்டு அதை எப்படிச் செய்தார்? காலைப் பூசை முடிந்த பின் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் செய்த விருப்ப வேலையா, அல்லது சபையே அவரிடம் ஒப்படைத்த கடமையா? என்னிடம் படித்த மாணவன் ஒருவன் பௌதிகவியலில் மிகுந்த ஆர்வமுடையவன். அதேவேளை குருமடத்துக்குப் போக வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒன்றை எடுத்தால் மற்றதை விடவேண்டும் என்று வீட்டார் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனது கேள்விக்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் பங்கில் இந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு விதமான மறுமொழிகளே கிடைக்கின்றன. திருச்சபை விஞ்ஞானத்துக்கு எவ்வளவு செய்திருக்கிறது பாருங்கள் என்று ஒரு சாரார் பெருமைப்படுகிறார்கள். கலிலேயோவுக்கு என்ன நடந்தது என்று கேட்டு மறு சாரார் வாயை அடைத்துவிடுகிறார்கள். அந்த மனிதர் என்ன செய்தார் என்பதை இருவருமே சொல்வதில்லை.

வானோக்கி எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் முதலாவது கேள்விக்கு மட்டும் நான் மறுமொழி எழுதுகிறேன். சபை, குருத்துவம் சார்ந்தவற்றை அவற்றை அறிந்தவர்கள் எழுதட்டும்.

செக்கியின் பெயர் பொதுமக்களிடம் ஒரு தட்டினால் நிலைத்திருப்பது விந்தைதான். ஏனென்றால் அவரது வாழ்வில் அது சில கிழமை வேலை. அவர் ஆண்டுக்கணக்காகச் செய்தது விண்மீன்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்து அவற்றை வகைப்படுத்திய வேலையாகும். சூரிய ஒளியை ஓர் அரியத்தின் ஊடாகச் செலுத்தினால் வானவில் நிறங்கள் கிடைக்கும் என்பதை எல்லோரும் அறிவோம். அந்த நிறமாலையை உற்று நோக்கினால் நிறங்களுக்கு இடையே மெல்லிய கருங்கோடுகள் பல தெரியும். அக்கோடுகள் சோடியம், இரும்பு, ஐதரசன் போன்ற தனித்தனி மூலகங்களுக்கு உரியவை என்பதைக் கிர்க்கோவும் புன்சனும் 1859, 1860ஆம் ஆண்டுகளில் காட்டினார்கள். அதுவரை விண்மீன் எங்கே இருக்கிறது, எப்படி நகர்கிறது என்பதைக் கணிப்பதே வானியலாளரின் தொழிலாக இருந்தது. அது எதனால் ஆனது என்று கேட்பதற்கான வழி அப்போதுதான் திறந்தது.

அந்த வழியில் செக்கி தனியே போகவில்லை. புளோரன்சில் டொனாற்றி, இலண்டனில் ஹக்கின்ஸ், நியூயோர்க்கில் ரதர்ஃபர்ட் ஆகியோரும் ஏறத்தாழ அதே காலத்தில் விண்மீன் ஒளியைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பிரெஞ்சு வானியலாளரான ஜான்சன் 1862ஆம் ஆண்டின் இறுதியில் தமது நிறமாலைகாட்டியுடன் உரோமைக்கு வந்து செக்கியோடு சேர்ந்து வேலை செய்தார். செக்கியை இந்தத் துறைக்குள் முழுமையாக இழுத்தது அந்த வருகைதான் என்று நான் கருதுகிறேன். ஆயினும் அவர் கேட்ட கேள்வி மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டது. ஹக்கின்ஸ் ஒரு சில பிரகாசமான விண்மீன்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் கோடுகள் ஒவ்வொன்றும் எந்த மூலகத்துக்குரியது என்று மிக நுணுக்கமாக அளந்தார். செக்கியோ குருநகர்க் கரையில் வலையில் வந்த மீன் முழுவதையும் இனம் பிரித்துக் கூடையில் போடுபவரைப் போல, கண்ணுக்கு எட்டிய விண்மீன்கள் எல்லாவற்றையும் பார்த்து வகை பிரிக்க முனைந்தார். ஏறத்தாழ 4,000 விண்மீன்களின் நிறமாலைகளை அவர் பார்த்து முடித்தார். நிறமாலையை ஒளிப்படமாக எடுக்கும் வழி அப்போது இல்லை; கோடுகள் தெரியும்படியாக ஒரு விண்மீனின் நிறமாலை முதன்முதலாக ஒளிப்படத்தில் பதிந்தது 1872இல்தான். ஆகவே இத்தனையும் 24 சதமமீற்றர் விட்டமுள்ள தொலைகாட்டியின் பின்னால் நின்று கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தவையாகும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு அவர் கண்டது, விண்மீன்கள் ஆயிரமாயிரம் வகையின அல்ல, ஒரு சில வகையினவே என்பதாகும். சிரியசைப் போன்ற வெண்ணிற, நீலநிற விண்மீன்களில் ஐதரசனின் கோடுகள் சில மட்டும் தடிப்பாகத் தெரிகின்றன. எங்கள் பஞ்சாங்கத்தில் வரும் சித்திரையும் மகமும் இந்த முதலாம் வகையைச் சேர்ந்தவை. மஞ்சள் நிற விண்மீன்களில் சூரியனில் உள்ளவாறே மெல்லிய கோடுகள் நெருக்கமாக நிறைந்திருக்கின்றன. சுவாதி இந்த இரண்டாம் வகையானது, எங்கள் சூரியனும் அவ்வாறே. செம்மஞ்சள் நிறமான திருவாதிரையிலும் கேட்டையிலும் கோடுகளோடு அகன்ற கருமையான பட்டைகள், தூண்களை வரிசையாக நிறுத்தியதுபோல, ஒரு பக்கம் கூர்மையாகவும் மறு பக்கம் மங்கிக் கரைவனவாகவும் காணப்படுகின்றன. அது மூன்றாம் வகை. 1868இல் நான்காம் வகையொன்றையும் அவர் சேர்த்தார். மங்கலான, மிகச் சிவந்த விண்மீன்கள் சிலவற்றில் பட்டைகள் எதிர்ப்பக்கமாகக் கூர்மையடைந்திருப்பதைக் கண்டு, காபன் சேர்வைகளின் நிறமாலையோடு ஒப்பிட்டு, அவை காபனுக்குரியவை என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவு இன்றும் நிற்கிறது. வேட்டைநாய்கள் எனப்படும் விண்மீன் கூட்டத்தில் உள்ள அத்தகைய விண்மீன் ஒன்றின் நிறமாலையின் அழகைக் கண்டு அதற்கு லா சுப்பேர்பா என்று அவர் வைத்த பெயரும் வழக்கில் இருக்கிறது. கருங்கோடுகளுக்குப் பதிலாக ஒளிரும் கோடுகளைக் காட்டும் சில விண்மீன்களைப் பின்னர் ஐந்தாம் வகையாக்கினார்.

ஹார்வார்ட் வானாய்வகம் பிற்காலத்தில் ஒளிப்படங்களைக் கொண்டு 2,25,300 விண்மீன்களை வகைப்படுத்திய பட்டியலுக்கு அடிப்படை செக்கியின் வகைகளை நுணுக்கமாகப் பிரித்துச் சென்ற வேலையே. இன்று வானியல் மாணவர் எவரும் ஒப்புவிக்கும் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்னும் வரிசையில் இறுதியில் நிற்கும் எம் வகை பெரும்பாலும் செக்கியின் மூன்றாம் வகைதான். நிறமாலைகள் இப்படி வேறுபடுவதற்கு முதன்மையான காரணம் விண்மீன்களின் வெப்பநிலை என்பதற்கு வேண்டிய சமன்பாட்டை 1920இல் மேக்நாத் சாஹா தந்தார். அதைக் கொண்டு சிசிலியா பெயின் 1925இல் விண்மீன்கள் பெரும்பாலும் ஐதரசனாலும் ஈலியத்தாலும் ஆனவை என்ற முடிவுக்கு வந்தார். விளக்கம் கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. ஆனால் விளக்கப்பட வேண்டியது எது என்பதைக் காட்டியவர் செக்கி.

சூரியனைப் பற்றி அவர் செய்தவையும் சிறியவை அல்ல. 1860 யூலை 18ஆம் திகதி முழுச் சூரிய கிரகணத்தின்போது அவர் ஸ்பெயினின் கிழக்குக் கரையில் இருந்து எடுத்த ஒளிப்படங்களையும், ஆங்கிலேயரான டி லா ரூ அதே நாட்டில் வேறோர் இடத்திலிருந்து எடுத்த ஒளிப்படங்களையும் ஒப்பிட்டபோது, விளிம்பில் தெரிந்த செந்தழல்கள் இரண்டிலும் ஒத்திருந்தன. அதனால் அவை சந்திரனுக்குரியவையோ கண்மயக்கோ அல்ல, சூரியனுக்கே உரியவை என்பது உறுதியாயிற்று. 2006இல் நாசா சூரியனை அவதானிப்பதற்காக அனுப்பிய ஸ்டீரியோ விண்கலங்களின் கருவித் தொகுதிக்கு அவரது பெயர் அமையும்படியாகவே முதலெழுத்துகளைக் கோத்திருக்கிறார்கள்.

குருநகர் ஆசிரியை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. திருவாதிரையும் கேட்டையும் ஒரே வகை என்பதை வாசித்துவிட்டு மகள் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். எனது மற்றக் கேள்வியைச் சற்றுக் கூர்மையாகக் கேட்கிறேன். 4,000 விண்மீன்களை இரவு இரவாகப் பார்ப்பவர் மறைக்கடமைகளை எப்போது செய்தார்? பங்குத் தந்தையாக இருந்தாரா? மேலிடத்தில் யாரும் அவரைத் தடுக்கவில்லையா?

கொழும்புத்துறையான் எழுதியது:

குருமடத்தில் சில காலம் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொழும்புத்துறையிலுள்ள உயர் குருமடத்துக்கு அருகே வாழ்பவர்களுக்குக்கூட, குருவானவர் என்றாலே பங்குக் கோயில், ஞாயிறு மறையுரை, திருவிழா என்ற படம்தான் மனதில் தோன்றும். மறைமாவட்டக் குருவானவருக்கு அது பெரும்பாலும் பொருந்தும். துறவற சபைக் குருவானவரின் நிலை வேறு. அவரை எந்தப் பணிக்கு அனுப்புவது என்பதைச் சபைத் தலைவர் தீர்மானிக்கிறார். அந்தப் பணி பள்ளிக்கூடமாக இருக்கலாம், அச்சகமாக இருக்கலாம், மருத்துவமனையாக இருக்கலாம். செக்கிக்கு ஒப்படைக்கப்பட்டது வானாய்வகம். ஆகவே ஓய்வு நேர வேலையா, கடமையா என்ற உங்கள் கேள்விக்கு மறுமொழி, கடமை என்பதே. கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாட்டின் கீழேயே அவர் தொலைகாட்டிக்குப் போனார். அவர் பங்குத் தந்தையாக இருந்தவரல்லர்.

அவர் 1818இல் வட இத்தாலியில் உள்ள ரெச்சியோ எமிலியாவில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். 1833இல், பதினைந்து வயதில், உரோமையில் இயேசு சபையில் சேர்ந்தார். அந்த ஆண்டைக் கவனியுங்கள். கொப்பர்னிக்கசின் நூலும் கலிலேயோவின் நூலும் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் அப்போதும் இருந்தன. அவை நீக்கப்பட்டது 1835இல் வெளிவந்த பதிப்பில்தான். நடைமுறையில் தடை அதற்கு முன்பே தளர்ந்துவிட்டது என்பது உண்மை. 1822இலேயே பூமி சுற்றுகிறது என்று எழுதும் நூல்களை உரோமையில் அச்சிட அனுமதி கிடைத்தது. எனினும் காகிதத்தில் அந்தத் தடை இருந்த காலத்தில் சபைக்குள் நுழைந்த சிறுவன், 1851இல் உரோமையின் புனித இஞ்ஞாசியார் கோயிலுக்குள் ஒரு நீண்ட ஊசலைத் தொங்கவிட்டு, பூமி தன்னைத்தானே சுற்றுவதை ஃபூக்கோவின் முறைப்படி கண்ணால் காணச் செய்தான் என்பதை நான் சிறு விடயமாகக் கருதவில்லை. பெருமை பேசுபவர்களும் சரி, கலிலேயோவைக் காட்டுபவர்களும் சரி, இந்த இரண்டு திகதிகளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது நல்லது.

1847இல் அவர் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டு உரோமையில் எழுந்த புரட்சியில் இயேசு சபையினர் வெளியேற்றப்பட்டார்கள். அவர் இங்கிலாந்தின் ஸ்ரோனிஹேர்ஸ்ற் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவின் ஜோர்ஜ்டவுனுக்குக் கப்பலேறினார். எங்கள் ஊரில் புலம்பெயர்வு பற்றிச் சொல்லித் தெரியவேண்டியதில்லை; வெளியேறியவன் போன இடத்தில் எதைக் கற்கிறான் என்பதும் யாருடைய நட்பைப் பெறுகிறான் என்பதும் அவனது பிற்காலத்தை மாற்றிவிடும். ஜோர்ஜ்டவுனில் வானாய்வகம் இருந்தது. அதற்கு அருகே வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படையின் வானாய்வகத்துக்குத் தலைவராக இருந்த மோரி, கடற்காற்றுகளையும் நீரோட்டங்களையும் பற்றிய தரவுகளை உலகெங்குமிருந்து திரட்டிக்கொண்டிருந்தார். செக்கி பின்னாளில் வானிலையிலும் கடலிலும் காட்டிய ஆர்வத்துக்கு அந்த அறிமுகம் வித்திட்டது. இதற்கிடையில் அவரது ஆசானும் உரோமை வானாய்வகத்தின் பணிப்பாளருமான டி விக்கோ என்ற குருவானவர் 1848இல் இலண்டனில் இறந்துபோனார். புரட்சி அடங்கிய பின் உரோமைக்குத் திரும்பிய செக்கி, ஏறத்தாழ முப்பது வயதில், அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டார்.

பழைய வானாய்வகக் கோபுரம் பாரமான தொலைகாட்டியைத் தாங்கக்கூடியதாக இருக்கவில்லை. புனித இஞ்ஞாசியார் கோயிலுக்குப் பெரிய குவிமாடம் ஒன்று அமைக்கத் திட்டமிட்டு, அதைத் தாங்குவதற்குப் பருத்த தூண்களை எழுப்பியிருந்தார்கள். ஆனால் குவிமாடம் கட்டப்படவே இல்லை. அதற்குப் பதிலாக, 1685இல் அந்திரேயா பொற்சோ என்ற இயேசு சபைச் சகோதரர் கீழே நின்று பார்ப்பவருக்கு மெய்யான குவிமாடம் போலவே தோன்றும் ஓவியத்தைத் துணியில் தீட்டி அங்கே பொருத்தினார். செக்கி அந்தத் தூண்களின் மேலேயே புதிய வானாய்வகத்தைக் கட்டுவித்தார். நகர வண்டிகளின் அதிர்வு தொலைகாட்டியை எட்டாமலிருக்க அதைவிட உறுதியான அடித்தளம் உரோமையில் அவருக்குக் கிடைத்திராது. கீழே பூசை நடக்கும் கோயில், நடுவே தீட்டிய பொய்க் குவிமாடம், அதற்கு மேலே தொலைகாட்டி என்று ஒரே கட்டடத்தில் அவரது இரண்டு வாழ்வும் அடங்கியிருந்தன.

தடை வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது, ஆனால் திருச்சபையிடமிருந்து அல்ல. 1870 செப்டெம்பரில் இத்தாலியப் படைகள் உரோமையைக் கைப்பற்றின. கல்லூரிக் கட்டடம் அரசிடம் போனது. புதிய அரசு செக்கியை இழக்க விரும்பாமல் அவருக்குப் பல்கலைக்கழகப் பதவியை வழங்க முன்வந்தது. அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டியிருந்ததாலும், திருத்தந்தையின் பக்கம் நிற்பதாலும், அவர் அதை ஏற்கவில்லை. 1873இல் துறவற சபைகளின் சொத்துகளை அரசுடைமையாக்கும் சட்டம் உரோமையிலும் நடைமுறைக்கு வந்தபோது வானாய்வகமும் கைவிட்டுப் போகும் நிலை உண்டானது. வெளிநாட்டு விஞ்ஞானிகள் குரல் கொடுத்ததன் பின் அவர் உயிரோடு இருக்கும்வரை அவரை அங்கே இருக்கவிட்டார்கள். 1878 பெப்ரவரி 7இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் இறந்தார். அதே மாதம் 26இல் செக்கியும் இறந்தார். பின்னர் வானாய்வகம் அரசிடம் சென்றது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் வத்திக்கானுக்குள்ளேயே புதிய வானாய்வகமொன்றை நிறுவியதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம்.

உங்கள் மாணவனிடம் சொல்லுங்கள்: பௌதிகவியலை விட்டுவிடத் தேவையில்லை, எந்த வாசலால் நுழைகிறோம் என்பதுதான் முக்கியம். இயேசு சபை போன்ற சபைகளில் நீண்ட பயிற்சிக் காலத்துக்குள் பல்கலைக்கழகப் படிப்பும் அடங்கும். வத்திக்கான் வானாய்வகத்தின் பணிப்பாளராக 2025 செப்டெம்பரில் பொறுப்பேற்ற ரிச்சர்ட் டி சூசா, கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட இயேசு சபைக் குருவானவர். அந்திரொமேடா விண்மீன் மண்டலம் கடந்த காலத்தில் விழுங்கிய ஒரு பெரிய மண்டலத்தைப் பற்றிய ஆய்வில் ஈடுபட்டவர். மறைமாவட்டக் குருவானவருக்கும் வழி உண்டு, ஆனால் அது ஆயரின் தீர்மானத்தைப் பொறுத்தது. பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927இல் எழுதிய பெல்ஜியக் குருவானவர் லெமேத்தர் மறைமாவட்டக் குருவாக இருந்தபடியே லூவேன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர்.

வட்டுக்கோட்டை வாசகன் எழுதியது:

கொழும்புத்துறையார் எழுதியவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. தடை திருச்சபையிடமிருந்து வரவில்லை என்று சொல்லும்போது, ஆதரவு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1870 வரை செக்கி இருந்தது திருத்தந்தை அரசராக ஆண்ட நாட்டில். அவரது கட்டடமும், கடல்நீரின் தெளிவை அளக்கப் போன கப்பற் பயணமும் அந்த ஆட்சியின் தயவில் கிடைத்தவை. அதே ஆட்சியே 1864இல் நவீன காலத்தின் கருத்துகள் பலவற்றைப் பிழைகளின் பட்டியலாக வெளியிட்டது. செக்கியைப் போன்ற ஒருவர் இருப்பது அந்த ஆட்சிக்கு நல்ல பெயரைத் தந்தது. இதனால் அவரது நிறமாலைகள் பொய்யாகிவிடா. ஆனால் அவரை உயர்த்திப் பிடித்தவர்களுக்கு விஞ்ஞானம் மட்டுமே நோக்கமாக இருந்தது என்று நாம் எண்ண வேண்டியதில்லை. எங்கள் ஊர்ச் செமினரியில் 1823 முதல் அமெரிக்க மிசனரிமார் வானியல் கற்பித்தபோதும் நோக்கம் வானியல் மட்டுமாக இருக்கவில்லை. அவர்கள் கத்தோலிக்கரல்லர் என்பதால் அந்தப் பேச்சை இங்கே வளர்க்கவில்லை.

அவரது வேலையின் குறையையும் வானோக்கி மெதுவாகத் தாண்டிவிட்டார். கோடுகளின் நிலைகளை அளப்பதில் ஹக்கின்சிடம் இருந்த நுணுக்கம் செக்கியிடம் இருக்கவில்லை. எழுநூறளவு வெளியீடுகளை ஒரு மனிதர் எழுதினால், அவற்றுள் சில அவசரமாக வந்தவையாகத்தான் இருக்கும்.

கொழும்புத்துறையான் எழுதியது:

ஆட்சியின் நோக்கம் பற்றி நீங்கள் சொல்வது நியாயமே. ஆனால் 1870க்குப் பின் அந்த ஆதரவு இல்லாமற்போனபோதும், எதிரணி அரசு பதவி தருவதாகச் சொன்னபோதும், அவர் தமது வேலையை எட்டு ஆண்டுகள் அதே கூரையின் மேல் தொடர்ந்தார். 1871இல் இத்தாலிய நிறமாலையாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது அவரோடு முன்னின்றவர் தக்கினி. அவர் புதிய இத்தாலிய அரசின் வானாய்வகத்தில் பணியாற்றியவர். உரோமையிலும் பலேர்மோவிலும் இருந்து ஒரே நாளில் சூரியச் செந்தழல்களை வரைந்து ஒப்பிடும் வேலையை, திருத்தந்தையின் ஆளும் அரசரின் ஆளும் சேர்ந்தே செய்தார்கள். செக்கியின் மறைவுக்குப் பின் அவரது வானாய்வகத்தைப் பொறுப்பேற்றவரும் அதே தக்கினிதான்.

நெய்தலான் எழுதியது:

கேள்வியைத் தொடக்கிவைத்த தட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அது தொழிலோடு சம்பந்தப்பட்டது என்பதால் நான் எழுதுகிறேன்.

1865இல் திருத்தந்தையின் கடற்படையில் இருந்த சியால்டி என்ற தளபதி, கடல்நீரின் தெளிவை அளந்தறிய விரும்பி, செக்கியைத் திருத்தந்தையின் கப்பலில் சிவித்தாவெக்கியாத் துறைமுகத்துக்கு வெளியே அழைத்துச் சென்றார். வெவ்வேறு பருமனும் நிறமும் கொண்ட தட்டுகளைக் கயிற்றில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகின்றன என்று பார்த்தார்கள். தட்டை இறக்குவது எவரும் செய்யக்கூடியது. செக்கி அங்கே செய்தது, அந்த அளவை எவையெல்லாம் மாற்றும் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததாகும். சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, மேகம் இருக்கிறதா, கப்பலின் நிழல் விழுகிறதா, பார்ப்பவர் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறார், தட்டின் பருமன் என்ன, நிறம் என்ன என்று அவர் பிரித்தவற்றையே இன்றும் மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். தொலைகாட்டியின் பின்னால் நின்று பழகிய மனிதர் கடலிலும் அதே பழக்கத்தோடுதான் நின்றிருக்கிறார். கறுப்பும் வெள்ளையுமாகக் கால்வாசி கால்வாசியாகத் தீட்டிய தட்டு அவருடையதன்று. அது அவருக்குப் பின்னர் நன்னீர் ஆய்வாளர்களால் வந்தது. கடலில் முழு வெள்ளைத் தட்டையே பலர் பயன்படுத்துகிறார்கள்.

ஆசிரியையின் மகளுக்கு ஒரு குறிப்பு. எங்கள் கடனீரேரி ஆழம் குறைந்தது. பல இடங்களில் தட்டு மறைவதற்கு முன்பே அடித்தளத்தில் போய் உட்கார்ந்துவிடும். அப்போது நீரின் ஆழத்தைச் செக்கி ஆழம் என்று எழுதிவிடக் கூடாது. தட்டு அடித்தளத்தில் தெரிந்தது என்றுதான் எழுத வேண்டும். மாரி மழைக்குப் பின் நீர் கலங்கியிருக்கும்போது நல்ல அளவீடுகள் கிடைக்கும். தட்டு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் எடுத்து அவற்றின் சராசரியை எழுத வேண்டும். படகின் நிழற்பக்கத்தில் நின்று, நண்பகலை ஒட்டிய வேளையில், ஒரே ஆளே எல்லா இடத்திலும் பார்க்க வேண்டும்.

1867 பாரிஸ் கண்காட்சியில் அவர் வைத்த வானிலைப் பதிகருவி பற்றியும் ஒரு வரி. காற்றின் அமுக்கம், வெப்பநிலை, காற்று, மழை ஆகியவற்றைத் தானாகவே தாளில் கோடாக வரைந்துகொண்டிருந்த அந்த இயந்திரத்துக்காக மூன்றாம் நெப்போலியன் அவருக்கு விருது வழங்கினார்.

குருநகர் ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நெய்தலானின் குறிப்பை மகள் அப்படியே எழுதி வைத்துக்கொண்டாள். வானோக்கி ஐயாவிடம் ஒரு கடைசிக் கேள்வி. திருவாதிரையின் அந்தப் பட்டைகளைப் பாடசாலைப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் இருந்து பார்க்க முடியுமா? பெரிய தொலைகாட்டி எங்களிடம் இல்லை.

வானோக்கி எழுதியது:

முடியும். தொலைகாட்டியே தேவையில்லை. வில்லை கழற்றக்கூடிய ஒரு கமராவும், முக்காலியும், அரியத்தைப் போல ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், மில்லிமீற்றருக்கு 100 கோடுகள் கொண்ட கிரேட்டிங் தகடும் போதும். தகட்டை வில்லையின் முன்னால் பொருத்தினால், படத்தில் விண்மீனின் புள்ளிக்கு அருகே அதன் நிறமாலை ஒரு மெல்லிய இழையாக விழும். இழையில் கோடுகள் தெரியா; அதை அகலப்படுத்த வேண்டும். அதற்கு நிறமாலை வடக்குத் தெற்காக விழும்படி தகட்டைத் திருப்பிவிட்டு, கமராவை அசைக்காமல் அரை நிமிடமளவு திறந்துவிடுங்கள். பூமியின் சுழற்சியே விண்மீனை மேற்காக நகர்த்தி இழையைப் பட்டியாக்கிவிடும்.

தை, மாசி மாதங்களில் இரவு ஒன்பது மணியளவில் திருவாதிரை எங்கள் தலைக்கு மேலேயே நிற்கும். சற்றுத் தென்கிழக்கே சிரியசு இருக்கும். முதலில் சிரியசை எடுங்கள்; ஐதரசனின் கோடுகள் நீல முனையை நோக்கி நெருங்கிச் செல்வதைக் காணலாம். பிறகு அதே அமைப்போடு திருவாதிரையை எடுத்தால், அந்த அகன்ற பட்டைகள் சிவப்புப் பக்கத்தில் தெளிவாகத் தெரியும். அவை தைத்தேனியம் ஒட்சைட்டுக்குரியவை என்று 1904இல்தான் கண்டறிந்தார்கள். கேட்டைக்கு ஆனி, ஆடி வரை பொறுக்க வேண்டும். பண்ணைப் பக்கம் வீதி விளக்குகள் கூடுதல். காரைநகர்க் கடற்கரைக்குப் போனால் வானம் இருட்டாக இருக்கும், நிலாவில்லாத இரவாகப் பார்த்துப் போங்கள். கமராவின் குவியத்தைக் கையால் சரிசெய்ய வேண்டும். தன்னியக்கக் குவியம் விண்மீனில் வேலை செய்யாது.